நானூற்றுப் பதினெட்டாம் டோக்கன்

தங்க வயலின் மைசூர் மைன்ஸ் குடியிருப்பிலிருந்து அவர்களை ஏற்றிவந்த ஆட்டோ பங்களாவின் பின்கேட்டில் போய் நின்றது. அங்கே நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. ஓட்டிவந்த ரூபேஷுக்குத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது மூன்று வயது. எந்தத் துரைக்கும் அவன் சலாம் வைத்ததில்லை. ஆயினும் பங்களா என்றால் பின்கேட்டு என்பதை அவன் கைகள் அறிந்திருந்தன.

"இன்னாடா, இங்க நிறுத்திட்ட?" என்றாள் ஈவ்லின்.

"பங்களான்னீங்களேக்கா?"

"பங்களாவுக்கு முன்னாடி கேட்டு இல்லியா?"

ரூபேஷ் தலையைச் சொறிந்தான். "இருக்குது. நம்ம ஆளுங்கள அங்க எறக்கி எனக்குப் பழக்கமில்ல."

"இன்னிக்குப் பழகு. சுத்திக்கினு போ."

அவள் பக்கத்தில் தகப்பன் ஏசுபாதம் உட்கார்ந்திருந்தார். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வெளியே வரும் வெள்ளைச் சட்டை. மடியில் ஒரு துணிப்பை. எழுபத்தெட்டு வயது. முப்பத்தொரு ஆண்டுகள் பூமிக்கடியில் மரத்தூண் நட்டுப் பாறையைத் தாங்க வைத்தவர். பாறைத் தூசு அவர் நெஞ்சில் குடியேறி, ஒவ்வொரு மூச்சிலும் விசிலடித்தது.

அந்தப் பங்களா இப்போது தங்கும் விடுதி. பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கி, கூரை ஓடுகளை மாற்றி, தேக்குக்கு மெருகேற்றி, 'பாரம்பரிய இல்லம்' என்று பலகை மாட்டியிருந்தார். ஆறு அறைகள். ஓர் இரவு தங்கினால் பொன் விளைந்த காலத்தில் வாழ்ந்தது போல் இருக்கும் என்றது விளம்பரம். யார் வாழ்ந்த காலம் என்று அது சொல்லவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக விடியற்காலை ரயிலேறி பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் ஈவ்லின், ரயிலில் நின்றபடியே அந்த விளம்பரத்தைப் படித்தாள். நின்றபடியே அறை பதிவு செய்தாள். தகப்பனுக்கு ஓர் இரவு. அதுவும் முன்வாசல் வழியாக.

காரணம் ஒன்றுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் பாறை வெடித்துச் சரிந்ததில் ஏசுபாதத்தின் கூட்டாளி சௌந்தரராஜன் உள்ளேயே சிக்கினார். மூன்றாம் நாள் உடல் மேலே வந்தது. மேலே பலகையில் தொங்கிய அவருடைய எண் பொறித்த பித்தளை டோக்கன் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. செத்தவனின் டோக்கனை அவன் கூட்டாளி வாங்கி, தாலியறுத்தவள் கையில் கொடுப்பது அந்தச் சுரங்கத்தில் வழக்கம். அதை ஆபீஸ் சொத்து என்று மறுத்துவிட்டார்கள். சௌந்தரராஜனின் மனைவி ரத்தினம்மாவை அழைத்துக்கொண்டு ஏசுபாதம், அப்போது சுரங்க அதிகாரியின் வீடாக இருந்த இந்தப் பங்களாவுக்கு வந்தார். பன்னிரண்டு வயது ஈவ்லினும் கூட வந்தாள். ஏசுபாதம் முதல் படியில் கால் வைத்தார். "பின்கேட்டுக்குப் போ" என்றது ஒரு குரல். வைத்த கால் இறங்கியது. அதை மகள் பார்த்தாள். பின்கேட்டில் பொழுது சாயும்வரை நின்றார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை. அன்று உள்ளே இருந்தவர் வெள்ளைக்காரர் அல்லர். வெள்ளைக்காரன் கப்பலேறி எத்தனையோ காலமாகியிருந்தது. அவன் நாற்காலியில் நம்மவர் அமர்ந்தார். பின்கேட்டு மட்டும் பெயராமல் நின்றது.

ஆட்டோ முன்கேட்டில் நுழைந்தது. ஏசுபாதம் படிகளைப் பார்த்தார். ஐந்து படிகள். மகளின் தோளைப் பிடித்து ஏறினார். மூன்றாவதில் நின்று மூச்சு வாங்கினார்; அப்போதும் இறங்கவில்லை.

வரவேற்பறையில் மேலாளர் சரத் புன்னகையோடு கை கூப்பினான். முப்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை. ஈவ்லின் இருவரின் ஆதார் அட்டைகளையும் நீட்டினாள். முகவரியைப் படித்ததும் அவன் புன்னகை சுருங்கியது.

"மேடம், நீங்க லோக்கலா?"

"பொறந்ததே இங்கதான்."

"பேஜார் பண்ணிக்காதீங்க மேடம். லோக்கல் ஐடிக்கு ரூம் கொடுக்கறதில்ல. பாலிசி. டீ குடிங்க, சுத்திப் பாருங்க, போட்டோ எடுத்துக்கோங்க. தங்கறது மட்டும்…"

"எங்க ஊர்ல நாங்க தங்கக் கூடாதா?"

"நான் சொல்லல மேடம், ஓனர் சொல்றது."

ஏசுபாதம் மகளின் முழங்கையைத் தொட்டார். "ஈவு, உன் ஆஸ்பத்திரி கார்டு பையில கீது இல்ல? பெங்களூர் அட்ரஸு. அதைக் காட்டிடும்மா."

அட்டை பையில்தான் இருந்தது. காட்டினால் கதவு அந்த நொடியே திறக்கும். ஈவ்லின் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"முடியாது நைனா. வேற ஊர்க்காரின்னு சொல்லி உள்ள போறதும் பின்கேட்டுல போறதும் ஒண்ணுதான்."

சரத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான். கன்னடத்தில் அவன் முதலாளிக்கு விளக்குவதும், மறுமுனை உறுமுவதும் அவளுக்குப் புரிந்தன. இந்த ஊரில் யாருக்குத்தான் கன்னடம் புரியாது! திரும்பி வந்தவன் உதட்டைப் பிதுக்கினான்.

ஏசுபாதம் இதையெல்லாம் கேட்கவில்லை. அவர் கண்கள் மேசைக்குப் பின்னால் இருந்த சுவரில் நிலைத்திருந்தன. அங்கே ஒரு பழைய மரப்பலகை. அதில் ஆறு கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு சாவி. ஒவ்வொரு சாவியோடும் கோத்த ஒரு வட்டப் பித்தளை டோக்கன். கிழவர் வெளிறிப் போனார்.

"யாரு இன்னும் மேல வரல?" என்றார்.

சரத் விழித்தான். "இன்னா சார்?"

"ஆறு பேரு தொங்குறாங்களே. ஷிப்ட் முடிஞ்சி போச்சா இல்லியா?"

ஈவ்லின் அவர் கையைப் பற்றினாள். மூளை குழம்பியவர் அல்லர் அவர். முப்பத்தொரு ஆண்டுகள் கூண்டில் இறங்குமுன் தம் டோக்கனைப் பலகையில் மாட்டினார். ஏறி வந்ததும் கழற்றிக்கொண்டார். ஷிப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் தொங்கினால் ஒருவன் கீழே இருக்கிறான் என்று பொருள். அவன் வரும்வரை அவன் கூட்டாளிகள் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. சோற்றுத் தூக்கைத் திறப்பதில்லை. அந்தப் பழக்கம் சுரங்கத்தோடு மூடப்படவில்லை.

மறுகணம் அவருக்கே நினைவு திரும்பியது. வெட்கப்படுவார் என்று மகள் எதிர்பார்த்தாள். அவரோ மேசையைச் சுற்றிப் பலகையை நெருங்கினார். டோக்கன்களைத் தொடாமல், உதடு அசைய, ஒவ்வொன்றாகப் படித்தார். நான்காவதில் நின்றார்.

"நானூத்திப் பதினெட்டு. நம்ம சௌந்தரராஜன்."

"சார், அது பழைய இரும்புக் கடையில லாட்டா வாங்கினது. சும்மா டெக்கரேஷன்."

"திருப்பிக் கொடுத்த டோக்கனெல்லாம் அவங்கவங்க வீட்டுல கீதுப்பா. கொடுக்காம புடிச்சி வச்சதுதான் இரும்புக் கடைக்கிப் போச்சி." ஏசுபாதம் அருகிலிருந்த பிரம்பு நாற்காலியில் அமர்ந்தார். துணிப்பையை மடியில் நிறுத்தினார். "நம்பர் தொங்குறப்ப நான் வீட்டுக்குப் போனதில்ல. இன்னிக்கும் போவ மாட்டேன்."

அப்போது வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. பெங்களூரிலிருந்து இளம் தம்பதியர், தோளில் கேமராவோடு. அவர்கள் காதில் விழட்டும் என்றே ஈவ்லின் நிதானமாகப் பேசினாள்.

"சரி சார். எழுதிக் கொடுங்க. உங்க லெட்டர்பேட்ல. 'இவங்க தங்க வயல்காரங்க. அதனால ரூம் இல்ல'ன்னு. கீழ கையெழுத்து, சீல். அது போதும், நாங்க கெளம்பிடறோம்."

"அப்பிடியெல்லாம் எழுத முடியாது மேடம்."

"வாயால சொல்றதைக் கையால எழுத முடியாதா? ஏன் சார்? எழுதினா அசிங்கம்னு உங்களுக்கே தெரியுது. எழுதக் கூசுற ஒரு பேச்சை எங்க மூஞ்சிக்கு நேரா மட்டும் எப்பிடிச் சொல்றீங்க?"

கேமராக்காரப் பெண் கணவனைப் பார்த்தாள். சமையலறைக் கதவருகே தட்டோடு நின்றிருந்த பணிப்பெண் பவ்யா, தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"சார், என் ஆதாரும் இதே ஊரு ராபர்ட்சன்பேட்டைதான்."

"நீ உள்ள போ பவ்யா."

"நைட் டூட்டியில நான் இங்கதான சார் தூங்கறேன்? பெட்ஷீட் மாத்த லோக்கல் ஆவும், அதுமேல படுக்க லோக்கல் ஆவாதா?"

சரத் லெட்டர்பேடைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான், வாசலில் நின்ற தம்பதியரைப் பார்த்தான். பிறகு ஆதார் அட்டைகளை மெல்லத் தன் பக்கம் இழுத்து, பதிவேட்டில் முகவரியை எழுதத் தொடங்கினான். மைசூர் மைன்ஸ், ஐந்தாவது லைன், பத்தாம் எண் வீடு.

"நாலாவது ரூம் கொடுப்பா" என்றார் ஏசுபாதம்.

அன்றிரவு அவர் கூச்சப்படுவார், உறக்கம் வராமல் புரளுவார் என்று ஈவ்லின் அஞ்சினாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தேக்குக் கட்டிலின் நடுவில் கையைக் காலைப் பரப்பிப் படுத்து, சுவர் அதிரக் குறட்டை விட்டார். காலையில் வராந்தாவில் அமர்ந்து காபி கேட்டார். குடித்து முடித்து இன்னொன்று கேட்டார். "ஆறிப்போச்சி" என்று அதைத் திருப்பி அனுப்பி, மூன்றாவதை வரவழைத்தார்.

"கொஞ்சம் ஓவராப் போறீங்க நைனா" என்றாள் ஈவ்லின்.

"கெஸ்ட்டுன்னா அப்பிடித்தாம்மா."

சிரித்துக்கொண்டே பவ்யா நாலாவதையும் கொண்டுவந்து வைத்தாள்.

புறப்படும்போது ஏசுபாதம் மேசையில் சாவியை வைத்தார். சாவி மட்டும் இருந்தது. வளையத்திலிருந்து டோக்கனைக் கழற்றியிருந்தார்.

"சார், டோக்கன்?" சரத் பதறினான். "அது லிஸ்ட்ல இருக்கு சார். ஓனர் கேப்பாரு."

"கேட்டா, நானூத்திப் பதினெட்டு மேல வந்துட்டான்னு சொல்லு."

"சார், அது எங்க பிராப்பர்ட்டி…"

"எம்பத்தாறுல இதே வார்த்தையைச் சொன்னாங்க. அன்னிக்கு நான் பின்கேட்டுல நின்னேன். அப்பிடியே திரும்பிப் போனேன். இன்னிக்கு உள்ள தூங்கி எழுந்து வந்திருக்கேன்." கிழவர் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார். "போலீசைக் கூப்புடறதுன்னா கூப்புடு. ரத்தினம்மா வூட்டுலதான் இருப்பேன். அந்தம்மா கையில கொடுத்துட்டு, அங்கயே உக்காந்திருக்கேன்."

சரத் தொலைபேசியைத் தொட்டான், எடுக்கவில்லை.

ஏசுபாதம் மீண்டும் பலகையைப் பார்த்தார். நான்காம் கொக்கி வெறுமையாக இருந்தது. மற்ற ஐந்தும் தொங்கின.

"அந்த அஞ்சு நம்பரும் எனக்கு மனப்பாடம். யாரு யாருன்னும் தெரியும். அவங்க வூட்டு ஆளுங்க வருவாங்க; ஒவ்வொருத்தரா வந்து ரூம் போடுவாங்க. லோக்கல் ஐடியோட. நல்லாக் கவனிச்சிக்கோ தம்பி. காபி மட்டும் சூடாக் கொடு."

படிகளில் அவர் மகளின் தோளைப் பிடிக்கவில்லை. கைப்பிடியைப் பற்றி, விசிலடிக்கும் மூச்சோடு, ஒவ்வொன்றாக இறங்கினார். ரூபேஷின் ஆட்டோ முன்கேட்டுக்குள்ளேயே வந்து, படிக்கு நேராக நின்றிருந்தது.