கட்டில் அளவுக்கு வளர்ந்த துப்பறியும் நாவல்

பல் டாக்டரம்மா வீட்டுத் துப்பறியும் நாவல் கட்டில் அளவுக்கு வளர்ந்தது மழைக்காலத்துக்குச் சற்று முன்னால்; அதே வாரம்தான் சோப்பு விலையும் ஏறியது. அதற்கு முன்பு நாவல் வெறும் தலையணை அளவில்தான் இருந்தது. மகளுக்குப் பால்பல் விழுந்த வருஷம் டாக்டரம்மா அதைப் படிக்க ஆரம்பித்தார். மகளுக்கு ஞானப்பல்லே பிடுங்கியாகிவிட்டது, நாவல் பாதியைத் தாண்டவில்லை. ஊராருக்கெல்லாம் பல் பிடுங்கிப் பிடுங்கி அவர் மணிக்கட்டு தேய்ந்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்து நாவலைத் தூக்கிப் பிடிப்பார். சற்று நேரத்தில் அது மூக்கில் விழும். மூக்கு ஆறுவதற்குள் கதை மறந்துபோகும், மறுபடி முதல் பக்கம். இப்படியே கதைத் தொடக்கத்தில் வரும் பிணத்தோடு அவருக்குச் சொந்த நாத்தனாரைவிட நெருக்கமான பழக்கமாகிவிட்டது. கொன்றது யார் என்பதுதான் தெரியவில்லை. மூக்கும் இடப்பக்கமாக ஒதுங்கிவிட்டிருந்தது.

கொன்றவன் யார் என்று அவர் கணவருக்குத் தெரியும். லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். எந்த லிஃப்டிலும் தான் முதலில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களை ஏறவிடுவார். வீட்டுக்கு வரும் புத்தகத்துக்கும் அதே சட்டம். அந்த நாவலையும் வாங்கிய கையோடு, மனைவி கண்ணில் படாமல் படித்துமுடித்து, கடைசிப் பக்கத்தில் அப்படியே உறைந்துபோனார். கொலைகாரன் ஒரு பல் டாக்டர். டாக்டரம்மாவோ, விளையாட்டாகத் தன்னைப் ‘பல்பிடுங்கி’ என்று சொன்ன ஒரே குற்றத்துக்காகச் சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே போகாதவர். இந்தப் பக்கத்தைப் படித்தால் வீடு என்ன ஆகும், தன் காபி என்ன ஆகும் என்று லிஃப்டுக்காரர் நடுங்கினார். மனைவியின் மணிக்கட்டை நம்பித்தான் அத்தனை வருஷமும் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவள் மகள். ஒரு பிறந்தநாளுக்கு இ-ரீடர் வாங்கிவந்து, அதே நாவலை அதற்குள் ஏற்றிக் கொடுத்தாள். சோப்புக்கட்டி எடைதான் இருக்கும். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம். மூக்கில் விழுந்தாலும் முத்தம் கொடுத்ததுபோல் இருக்கும்.

“இந்தச் சிலேட்டுல படிச்சா கண்ணு போயிடும், டாக்டரம்மா” என்றார் லிஃப்டுக்காரர்.

“இத்தனை வருஷமா மூக்கு போச்சே, அப்ப எங்க போயிருந்தீங்க?”

டாக்டரம்மா ஒரே வாரத்தில் பாதியைத் தாண்டினார். அலமாரியிலிருந்த நாவலுக்கு இது பொறுக்கவில்லை. சிலேட்டுக்குச் சளைத்தவன் இல்லை என்று காட்ட அதுவும் தன் எழுத்துகளைப் பெரிதாக்கத் தொடங்கியது. எழுத்து பெருத்தால் பக்கம் பெருக்கவேண்டும், பக்கம் பெருத்தால் அட்டை பெருக்கவேண்டும். அலமாரி உடைந்தது. லிஃப்டுக்காரர் அளவு நாடாவைக் கொண்டுவந்து, “இந்த மாடி இவ்வளவு பாரம் தாங்காது” என்று எச்சரித்தார். நாவல் கேட்டுக்கொண்டே ஜன்னல்வரை நீண்டது. பிறகு தன் பக்கங்களைத் தானே புரட்டக் கற்றுக்கொண்டது. அதில் வந்த காற்றில் மின்விசிறியே வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா இடப்பக்கத்தில் படுத்துக்கொண்டு வலப்பக்கத்தைப் படித்தார்; படித்துமுடித்த தாளைப் போர்த்திக்கொண்டார். சிலேட்டும் சும்மா இருக்கவில்லை. பழைய காகித வாசனை விட்டது, ஓரம் மடங்கியது, நடுவில் ஒரு நசுங்கிய கொசுவைக்கூட வரவழைத்துக்கொண்டது. மகள் அதைக் கடைக்கு எடுத்துப்போனாள். கடைக்காரர் இரண்டு தும்மல் போட்டுவிட்டு, “அலமாரியில வச்சா சரியாயிடும்மா” என்றார்.

சிக்கல் கடைசியில்தான் வந்தது. முடித்துவிட்டால் மூலையில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் இரண்டுக்கும். அதனால் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் நாவலில் புதுப்பக்கங்கள் முளைக்கத் தொடங்கின. துப்பறிவாளர் கோட்டுக்கு அளவு கொடுத்தார், மச்சினியின் சிறுநீரகக் கல்லை விசாரித்தார், பேரனுக்குப் பெண் பார்க்கப் போனார். சிலேட்டிலும் இதே கூத்து. இன்னும் ஒரு சதவீதம் பாக்கி என்றே காட்டிக்கொண்டிருந்தது. இப்படியே வருஷங்கள் ஓடின. லிஃப்டுக்காரர் ஒருவர்தான் இதில் கொழுத்தார். தினமும் நாவலைத் தூசி தட்டி, “அப்படித்தான் ராஜா, இன்னும் கொஞ்சம் இழு” என்று அதன் காதில் ஓதினார்.

துப்பறிவாளரின் கொள்ளுப்பேத்திக்குக் காதுகுத்தும் கட்டம் வந்ததும் டாக்டரம்மா எழுந்தார். பரண்மேலிருந்த பழைய பையை இறக்கினார், வெள்ளைக் கோட்டைப் போட்டார், கையுறை மாட்டினார், குறடை வெந்நீரில் போட்டு எடுத்தார்.

“வாயைத் திற.”

அந்தக் குரலுக்கு ஊரில் திறக்காத வாயே கிடையாது. நாவல் நடுங்கிக்கொண்டே திறந்தது.

“இன்னும் பெருசா. ஆ சொல்லு.”

நாவல் ஆ சொன்னது. எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“வேணாம்மா, தரை தாங்காது!” என்று லிஃப்டுக்காரர் கதறினார்.

“நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க. இதோ முடிஞ்சிடும், வலிக்காது.”

கடைசிப் பக்கத்தை அடிவேரில் பிடித்து, இடமும் வலமும் மெல்ல ஆட்டி, ஒரே இழுப்பு. போர்வை அளவுத் தாள் கையோடு வந்தது. நாவலின் வாயில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா நின்றபடியே படித்தார். லிஃப்டுக்காரர் வெளியில் கதவோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க, இங்க வாங்க. கொன்னது பல் டாக்டராம்!”

“அ... அப்படியா?”

“மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லுக்குக் கீழ்வரிசைக் குறடை எடுத்திருக்கான். இவனெல்லாம் எந்தக் காலேஜ்ல படிச்சான்? கொலை பண்ணதுகூடப் போகட்டும், இதுக்கே தூக்குல போடணும்!” டாக்டரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அந்த நிம்மதியில் லிஃப்டுக்காரர் வாய்தவறி, “இதுக்குப் போயா இத்தனை வருஷம் பயந்தேன்!” என்றார்.

சிரிப்பு நின்றது. “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? அப்பவே சொல்லியிருந்தா என் மூக்கு நேரா இருந்திருக்குமே!”

நாவலுக்கு இரண்டு நாள் வீக்கம் இருந்தது, பிறகு வற்றியது. ஆனாலும் கட்டில் அளவுக்குக் கீழே இறங்கவில்லை. டாக்டரம்மா இப்போது நாவல்மேல் படுத்துக்கொண்டு சிலேட்டில் படிக்கிறார். அதைவிட சௌகரியம் உலகத்தில் இல்லை என்கிறார். புதுக்கதை எதுவானாலும் அவர்தான் முதலில் படிக்கிறார். லிஃப்டுக்காரருக்கு நாவலின் கால்மாட்டில், பிணம் கண்டெடுக்கப்படும் அத்தியாயத்தில், இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். யார் கொன்றது என்று அவர் ஜாடையில்தான் கேட்கிறார். “வாயைத் திறந்து கேளுங்க, சொல்றேன்” என்கிறார் டாக்டரம்மா. லிஃப்டுக்காரருக்கு ஒரு கடைவாய்ப்பல் ஆடுகிறது, திறக்கமாட்டேன் என்கிறார். நாவல் இருவருக்கும் பக்கம் புரட்டி விசிறிக்கொண்டிருக்கிறது.