இருபத்து நான்கு நாள் குறை

அம்மாவின் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன என்று தம்பி பரணி போனில் சொன்னபோது, தாட்சாயணி கனடாவின் வின்னிபெக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் பகல் ஷிப்டில் இருந்தாள். ஐந்தாம் நாள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் வீட்டு வாசலில் நின்றாள். அது 2023 பிப்ரவரி. மூன்று மாத லீவு எழுதிக் கொடுத்திருந்தாள். அறைத்தோழி ரூபாவிடம் தன் இரண்டு பெட்டிகளைக் காட்டி, மே மாதம் வந்து பிரித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்று மாதம் இரண்டரை வருடமாயிற்று. அதற்காக அவள் யார் மேலும் குறை சொன்னதில்லை. கனடா போகுமுன் திருப்பதியில் எட்டு வருடம் நர்ஸாக இருந்தவள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் விடிந்ததும் அம்மா மனோரமாவைக் காரில் உட்காரவைத்து, புத்தூர், வடமாலபேட்டை வழியாகத் திருப்பதிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவாள். இயந்திரத்தில் இருக்கும்போது அம்மாவுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அலாரம் அடிக்குமுன்பே தாட்சாயணிக்கு அம்மாவின் உதடு வெளுப்பதில் தெரிந்துவிடும். நைனா நாகபூஷணம் சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் பொண்ணு கனடாவுல நர்ஸு. அம்மாவுக்காக வந்து கீது" என்பார்.

நர்ஸ் உரிமம் இன்னும் கைக்கு வரவில்லை, தேர்வில் ஒரு பகுதி பாக்கி என்பதை அவள் திருத்தமாட்டாள். ஆனால் நிரந்தர வசிப்புரிமை அவளே வாங்கியது. ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதி, சான்றிதழ்களுக்கு ஒவ்வொரு அலுவலகமாக அலைந்து, கணவன், உறவு என்று யார் பேரிலும் ஒட்டிக்கொள்ளாமல் வாங்கியது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஐந்து வருடத்தில் எழுநூற்று முப்பது நாளாவது அந்த நாட்டு மண்ணில் இருக்கவேண்டும். அவள் அங்கே முதலில் கால் வைத்தது 2021 ஜூன் இருபது. கிளம்பி வரும்போது அறுநூற்று ஐந்து நாள் ஆகியிருந்தது. மீதி நூற்று இருபத்தைந்து நாளை 2026 ஜூன் பத்தொன்பதுக்குள் முடிக்கவேண்டும்.

"அப்ப எப்ப போவணும் நீ?" என்று அம்மா ஒருநாள் காரில் கேட்டாள்.

"பிப்ரவரி பதினாலு கடைசிம்மா. அதுக்கு மேல ஒரு நாள் தாண்டினாலும் கணக்கு உதைக்கும்."

"அவ்ளோ கறாரா?"

"கறார்தான். நான் நவம்பர்லயே போய்டறேன். பரணி வந்து பாத்துக்கறேன்னு சொல்லிட்டான்."

பரணி உண்மையாகவே சொல்லியிருந்தான். பெங்களூரில் அவன் கம்பெனி ஆறு மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்திருந்தது. அதற்குப்பிறகு ஒரு ஆள் போடுவது என்று அக்காவும் தம்பியும் பேசி முடித்திருந்தார்கள். நைனா மட்டும், "அவனுக்கு இப்பத்தான் டீம் லீட் குடுத்துக்கிறாங்க. இந்த நேரத்துல இங்க வந்து குந்திக்கினா நல்லாவா இருக்கும்?" என்று இரண்டு தடவை முனகினார். தாட்சாயணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2025 செப்டம்பரில் டிக்கெட் பார்க்க உட்கார்ந்தாள். பாஸ்போர்ட் எண் தேவைப்பட்டது. வசிப்புரிமை அட்டை அவள் கைப்பைக்குள்ளேயே இருந்தது. பாஸ்போர்ட்டைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள். உறை இருந்தது. உள்ளே தடுப்பூசிச் சான்றிதழ் இருந்தது. பாஸ்போர்ட் இல்லை.

வீட்டையே புரட்டிப்போட்டார்கள். நைனா அறுபத்தெட்டு வயதில் ஸ்டூல் போட்டுப் பரண்மேல் ஏறினார். கார் சீட்டைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். திருச்சானூர் தாயாருக்கு வேண்டிக்கொண்டேன் என்றார். போலீஸில் புகார் கொடுக்கலாம் என்று தாட்சாயணி சொன்னபோது மட்டும், "அவசரப்படாத தாட்சா. ஊட்லதான் எங்கினா இருக்கும். புகார் குடுத்தா அப்பால ஆயிரம் கேள்வி கேப்பான்" என்று தடுத்தார். அவர் பேச்சைக் கேட்டு மூன்று வாரம் தேடினாள். அக்டோபரில் புகார் கொடுத்து, திருப்பதி பாஸ்போர்ட் அலுவலகத்தில் புதியதற்கு விண்ணப்பித்தாள். டயாலிசிஸ் பிரிவுக்குள் போன் எடுக்க முடியாது என்பதால் விண்ணப்பத்தில் தன் எண்ணோடு நைனாவின் எண்ணையும் எழுதினாள்.

நவம்பர் போயிற்று. டிசம்பர் மூன்றாம் வாரம் இணையத்தில் நிலவரம் மாறியது. போலீஸ் அறிக்கை பாதகமாக வந்திருப்பதால் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்றது. அவள் மேல் வழக்கும் இல்லை, ஒரு வாய்ச்சண்டைகூட இல்லை. யாரோ பெயரைக் குழப்பிவிட்டார்கள் என்று நினைத்தாள். நைனாவும் அதையே சொன்னார். "நான் சித்தூர் போய் விசாரிக்கறேன், நீ அம்மாவ பாரு" என்றார். போய்விட்டு வந்து, பெரிய அதிகாரி லீவு, சங்கராந்தி முடிந்து வரச் சொன்னார்கள் என்றார்.

அவளால் சங்கராந்தி வரை உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஜனவரி ஐந்து, திங்கட்கிழமை. டயாலிசிஸ் இல்லாத நாள். புத்தூரில் துணி எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு சித்தூர் பஸ் ஏறினாள். தான் ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே அப்போது விளங்கவில்லை.

மாவட்டப் போலீஸ் அலுவலகத்தில் பாஸ்போர்ட் விசாரணையைப் பார்க்கும் கான்ஸ்டபிளின் பெயர் சிட்டிபாபு. நடுவயதுக்காரர். அவள் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க நகரியிலயா இருக்கீங்க?" என்று தெலுங்கில் கேட்டார்.

"மூணு வருஷமா அங்கதான் சார் இருக்கேன். ஆதார், ஓட்டு, எல்லாம் அங்கதான்."

"வீட்டுக்கே வந்தேனே அம்மா. உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கலை. செவ்வாய்க்கிழமை. வீட்டுல உங்க நைனா இருந்தார். பொண்ணு இந்த விலாசத்துல இல்ல, ரெண்டு வருஷமா பெங்களூர்ல இருக்குதுன்னு சொன்னார்."

"வேற யாராவது இருக்கும் சார். பக்கத்து வீட்டுல..."

சிட்டிபாபு ஃபைலைப் புரட்டித் திருப்பிவைத்தார். எழுதியிருந்தது தெலுங்கு. கீழே கையெழுத்து தமிழில் இருந்தது. 'நாகபூஷணம்' என்பதில் கடைசி 'ம்' மேல் புள்ளிக்குப் பதிலாக ஒரு சின்னக் கோடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுடைய ஒவ்வொரு மார்க் அட்டையிலும் அந்தக் கோடு உண்டு.

"போன வாரம்கூட வந்தார்" என்றார் கான்ஸ்டபிள், குரலைத் தாழ்த்தி. "மறுபடி விசாரணை கேட்டா தெரியப்படுத்துங்கன்னு சொல்லிட்டுப் போனார். ஏதோ கல்யாண விஷயம், பொண்ணு யாரோடயோ ஓடப்போகுதுன்னு நெனச்சேன். நீங்க அப்படித் தெரியலையே."

அவரே உட்காரச் சொல்லி மறுவிசாரணைக்கு மனு எழுத உதவினார். விலாசத்தையும் அவரே நிரப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. நைனா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"துணி எடுக்கல? வா, துன்னுட்டு பேசலாம்."

"கான்ஸ்டபிள் கிட்ட இன்னா சொன்ன நைனா?"

அவர் துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். மறுப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். மறுக்கவேண்டும் என்றுகூட ஆசைப்பட்டாள்.

"சொன்னேன்" என்றார். "வேற இன்னா பண்ண சொல்ற? நீ போய்ட்டா உங்கம்மாவ யாரு பாக்கறது?"

"பரணி வரேன்னான்."

"அவனுக்கு இன்னா தெரியும்? அதுவுமில்லாம அவன் வாழ்க்கைய அவன் பாக்க வாணாமா?"

"அப்ப என்னுது?"

"உனக்கு அங்க யாரு கீறாங்க தாட்சா? கல்யாணம் வாணாம்னுட்ட. யாரோ ஊர் கெழவனுக்கு, கெழவிக்கு செய்யறத பெத்தவளுக்கு செய்யி."

"செஞ்சுக்கினுதானே இருந்தேன்! மூணு வருஷமா இன்னா பண்ணேன் நானு? போவாதன்னு ஒரு தபா வாயத் தெறந்து சொன்னியா?"

"சொன்னா நின்னிருப்பியா?"

ஒருவேளை நின்றிருப்பாள். ஒருவேளை போயிருப்பாள். "அது நான் முடிவு பண்ணி இருப்பேன்" என்றாள். "நீ பரண் மேல ஏறித் தேடுனியே நைனா. நான் கீழ ஸ்டூல புடிச்சுக்கினு நின்னேனே."

அவர் உள்ளே போனார். தன் பழைய ஆலை ஃபைல்களுக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். "இந்தா. எடுத்துக்கினு போ. நாளைக்கே போ."

"இது செத்துப்போச்சு" என்றாள் தாட்சாயணி. "தொலஞ்சுதுன்னு நான் எழுதிக்குடுத்த அன்னிக்கே இத கேன்சல் பண்ணிட்டாங்க. இத வெச்சிக்கினு ஏர்போர்ட் வாசல் கூடத் தாண்ட முடியாது."

நாகபூஷணத்துக்கு அது தெரியாது. அவர் முகம் மாறியது. வேண்டும்போது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார் போல. அதற்காக அவளுக்கு இரக்கம் வரவில்லை.

அப்போது கட்டிலிலிருந்து அம்மா பேசினாள்.

"எனக்கும் தெரியும்மா."

தாட்சாயணி திரும்பினாள்.

"அவரு எடுத்தப்பவே பாத்தேன். வெச்சிடுங்கன்னு சொன்னேன். அப்பால சொல்லல. உன் கை பட்டா ஊசி வலிக்க மாட்டேங்குது. நீ போற நாள எண்ண எண்ண எனக்கு பயமா இருந்துச்சு."

செப்டம்பரிலிருந்து வாரம் மூன்று நாள், போக ஒன்றரை மணி வர ஒன்றரை மணி, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று புலம்பிக்கொண்டே வந்திருக்கிறாள். அம்மா ஒவ்வொரு தடவையும், "கெடச்சிடும்மா, அழாத" என்று சொல்லியிருக்கிறாள். நைனா செய்தது முகத்தில் அறைந்தது போல இருந்தது. அம்மா செய்தது எங்கே வலிக்கிறது என்றே தெரியவில்லை. பின்கட்டில் போய் உட்கார்ந்தாள். மாலைவரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல அம்மாவைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனாள். ஊசி குத்தும்போது பக்கத்தில் நின்றாள்.

மறுவிசாரணை நடந்தது. ஆனால் விளக்கக் கடிதம், மேலலுவலகம், சங்கராந்தி விடுமுறை என்று ஃபைல் நகர்ந்த வேகத்தில் பிப்ரவரி பதினாலு கடந்துபோயிற்று. அன்று ரூபா வின்னிபெக்கிலிருந்து பேசினாள். அங்கே ஒரு ஆலோசகரிடம் கேட்டிருந்தாள். "நாள் குறைஞ்சாலும் கார்டு செல்லுபடியா இருக்கிறப்பவே வந்துடு. ஏர்போர்ட்ல அதிகாரி கேட்பார். நீ வராததுக்கு உன் கையை மீறின காரணம் இருந்துதுன்னு காட்டணும். வாயால சொன்னா போதாது, எழுத்துல வேணும்."

அம்மாவின் மருத்துவக் காகிதங்கள் ஒரு கட்டு இருந்தன. பாஸ்போர்ட் விஷயத்துக்கு எழுத்து வேண்டுமானால் அதை எழுத வேண்டியவர் ஒருவர்தான்.

"போலீசுக்குப் பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?" என்றார் நைனா. "ஜெயிலுக்குப் போவச் சொல்றியா? ஊர்ல தலை காட்ட வாணாமா நானு?"

"இது இந்த ஊருக்கு வராது நைனா. அந்த ஊர் அதிகாரி படிக்கப்போறாரு, அவ்ளோதான்."

"முடியாது."

மூன்று நாள் கேட்டாள். நாலாவது நாள் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து காரில் ஏறியதும் மனோரமா, "நோட்டரி எங்க கீறாரு?" என்று கேட்டாள். கோர்ட் பக்கத்தில் வேங்கடாசலம் என்பவரின் அறை இருந்தது. இடது கையில் கட்டோடு, இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்க, மனோரமா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் படித்துக் காட்டினார்.

"யாரும் கட்டாயப்படுத்தலையே? உங்க இஷ்டப்பட்டுத்தானே சொல்றீங்க?"

"இஷ்டப்பட்டுத்தான் சொல்றேன். நாலு மாசம் வாய மூடிக்கினு இருந்தேனே, அதுவும் என் இஷ்டந்தான். அதயும் எழுதுங்க."

எழுதினார். அம்மா கையெழுத்துப் போட்டாள். தாட்சாயணி அதை நன்றியோடு வாங்கவில்லை. தேவையாக இருந்தது, வாங்கிக்கொண்டாள். காருக்குத் திரும்பும்போது அம்மா அவள் கையைப் பிடிக்க நீட்டினாள். படி இறங்கும்வரை பிடித்துக்கொண்டு, இறங்கியதும் விட்டுவிட்டாள்.

புதிய பாஸ்போர்ட் மார்ச் மூன்றாம் தேதி வந்தது. பரணி பெங்களூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தான். இரண்டு முறை திருப்பதிக்கு அவனைக் கூடவே கூட்டிப்போய், அம்மாவின் உதட்டை எப்படிப் பார்க்கவேண்டும், எப்போது நர்ஸைக் கூப்பிடவேண்டும் என்று காட்டினாள். அவன் சீக்கிரமே கற்றுக்கொண்டான். அவனுக்குத் தெரியாது என்று யார் சொன்னது என்று அவளுக்குக் கசந்தது. கிளம்பும் நாள் நைனா வெளி கேட்டருகே நின்றிருந்தார். காரைப் பரணி ஓட்டினான். அவள் கண்ணாடியை இறக்கவில்லை.

மார்ச் பதினொன்றாம் தேதி டொரண்டோ விமான நிலையத்தில் அவளைத் தனியறைக்கு அழைத்துப்போனார்கள். அதிகாரி நடுவயதுப் பெண். ஜூன் பத்தொன்பது வரை இங்கேயே இருந்தாலும் எழுநூற்று ஆறு நாள்தான் வரும், இருபத்து நான்கு நாள் குறைகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். மருத்துவக் காகிதங்களைப் புரட்டினாள். பிறகு நோட்டரிக் காகிதத்தை எடுத்து மெதுவாகப் படித்தாள்.

"இதில் எழுதியிருப்பவர் உன் அம்மாவா?"

"ஆமாம்."

"பாஸ்போர்ட்டை எடுத்தவர்?"

"என் அப்பா."

"அவர் ஏன் கையெழுத்துப் போடவில்லை?"

"போட மறுத்துவிட்டார்."

அதிகாரி எழுந்து போய் யாரிடமோ பேசிவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். இந்தத் தடவை உன் வசிப்புரிமையைப் பறிக்கச் சொல்லி அறிக்கை எழுதவில்லை என்றாள். ஆனால் கணக்கு எப்போதும் கடைசி ஐந்து வருடத்துக்குத்தான், பழைய நாட்கள் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே போகும். இன்றிலிருந்து முழுதாக இரண்டு வருடம் இங்கேயே இரு. அதுவரை நாட்டைவிட்டு வெளியே போகாதே, கார்டைப் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்காதே. போனால், திரும்பி வரும்போது என்னைப் போல இன்னொருவர் இருப்பார் என்று சொல்ல முடியாது.

முதியோர் இல்லத்தில் அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். வியாழக்கிழமைகளில் பரணி டயாலிசிஸ் வாசலிலிருந்து கூப்பிட்டு அம்மாவிடம் கொடுப்பான். தாட்சாயணி ரத்த அழுத்தம், எடை, பொட்டாசியம் எல்லாம் கேட்பாள். நைனாவைப் பற்றிக் கேட்கமாட்டாள். அம்மாவும் சொல்லமாட்டாள்.

மே மாதக் கடைசியில் ஒரு வியாழன், அம்மாவின் குரல் மிகவும் இளைத்திருந்தது.

"ஒரு தபா வந்து பாத்துட்டுப் போவியா தாட்சா? பத்து நாளு."

"முடியாதும்மா. ரெண்டு வருஷம் ஆவும்."

"ரெண்டு வருஷமா?"

"ஆமா."

பரணி போனை வாங்கி, உள்ளே கூப்பிடுகிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்றான்.