ஊக்கத்தொகை போய்ச் சேர்ந்த இடம்

அரசாங்கம் வீட்டுக்கு வீடு ஊக்கத்தொகை கொடுத்ததைப் பற்றி யாராவது என்னிடம் பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொடுத்தது பொய்யில்லை, வாங்கினோம். அமைச்சர் டிவியில் வந்து, பணத்தைப் பூட்டி வைக்காதீர்கள், செலவழியுங்கள், அது சுற்றினால்தான் நாடு எழுந்து நிற்கும் என்று கைகூப்பிச் சொன்னார். அந்த மனிதர் சொன்னதை அப்படியே நம்பிச் செய்த அப்பாவிகள் நாங்கள் நாலு கடைக்காரர்களாகத்தான் இருக்கும்.

நான் தையல்காரி. சலூன், என் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, செருப்புக் கடை எல்லாம் ஒரே வரிசை. நாலுக்கும் சேர்த்து ஒரே முதலாளி, அவருக்குத்தான் வாடகை கட்டுகிறோம். என்னோடு என் நாத்தனாரும் தைக்கிறாள். புருஷன் சரியில்லை என்று ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் தங்கமான அண்ணன்தான். ஆனாலும் தலைவலி மாத்திரைக்குக்கூட அண்ணன் முன்னால் போய் நிற்பது அவளுக்குக் கூசியது. கடையில் இருந்தது ஒரே மெஷின். நான் தைத்தால் அவள் கையால் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பாள், அவள் உட்கார்ந்தால் நான் எழுந்துகொள்ள வேண்டும். இன்னொரு மெஷின் இருந்தால் அவள் தைத்தது அவள் கணக்கு, அவள் கூலி அவள் கையில். எங்கள் வீட்டுக்கு ஊக்கத்தொகை வருகிறது என்றதும் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தது அந்த மெஷினைத்தான்.

பணம் வருகிற வாரம் சலூன்காரர் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். தெருமுனையில் இருக்கும் பெரிய கடை வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறது, ஊர்ப்பணம் அங்கே போனால் போகட்டும், நம் பணமாவது நம் வரிசையில் சுற்றட்டும் என்றார். நம்மில் யார் கைக்கு வந்த காசும் வெளியே போவதற்கு முன்னால் வரிசையில் இன்னொருத்தர் கையைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இதுதான் ஒப்பந்தம். எல்லோரும் தலையாட்டினோம்.

அதற்கப்புறம் நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கண்ணாடிக் கடைக்காரரைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது. அவர் சலூனில் போய்ச் சட்டமாக உட்கார்ந்து, தலைக்கு மசாஜ் செய்யச் சொல்லிக் காசு கொடுத்தார். சலூன்காரர் அந்தக் காசில் செருப்பு வாங்கினார். செருப்புக் கடைக்காரர் பிள்ளைகளுக்கெல்லாம் என்னிடம் துணி தைக்கக் கொடுத்தார். நான் பல வருஷமாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஊசியில் நூல் கோத்தவள், ஒருவழியாகக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். இந்தக் கலகலப்பைப் பார்த்துப் போகிற வருகிற நாலு பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கையில் மிஞ்சியதை வைத்துப் பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டோம். நாத்தனார் அதை எண்ணெய் போட்டுத் துடைத்த துடைப்பில் புதுசு தோற்றது.

யார் சொன்னார்களோ, ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்துவிட்டாள். சலூன்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வியாபாரம் இரண்டு மடங்காகிவிட்டது என்று அளந்துவிட்டார். நாங்களும் ஆமாம் போட்டோம். முழுக்கப் பொய்யும் இல்லை, இரண்டு வாரம் அப்படித்தான் இருந்தது. அதில் பாதி எங்கள் பையிலிருந்தே வந்த காசு என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. மறுநாள் பத்திரிகையில் நாத்தனார் தன் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் படம். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதோடு விட்டோமா? அந்தச் செய்தியை வெட்டி, சட்டம் போட்டு, முதலாளியும் சந்தோஷப்படட்டும் என்று அவர் வீட்டுக்கே அனுப்பி வைத்தோம். உலகத்தில் வேறு எந்த வாடகைக்காரனாவது இந்தக் காரியத்தைச் செய்திருப்பானா?

மாசக் கடைசியில் முதலாளியின் ஆள் வாடகை வாங்க வந்தான். வாங்கிக்கொண்டு, அடுத்த மாசத்திலிருந்து வாடகை ஒன்றரை மடங்கு என்றான். வியாபாரம்தான் அமோகமாக நடக்கிறதாமே, ஐயாவே படித்தாராம். சம்மதமானால் கையெழுத்து, இல்லாவிட்டால் சாவி. சலூன்காரர் கெஞ்சினார், பூதக்கண்ணாடி கத்தினார், கடைசியில் மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். ஏற்றின வாடகையை ஒரு வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன். நாலு வீட்டுக்கும் வந்த ஊக்கத்தொகை துடைத்து எடுத்த மாதிரி அவர் வீட்டில் போய் நின்றது. நாங்கள் சுற்ற விட்ட பணம் சுற்றிச் சுற்றி அங்கேதான் போய் உட்கார்ந்தது.

எனக்கு மட்டும் அந்த ஆள் ஒரு சலுகை சொன்னான். கடைக்கு நடுவில் பலகை அடித்துப் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பழைய வாடகையே போதுமாம். அந்தப் பாதியில் ஒரு மெஷினுக்குத்தான் இடம் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? மறுநாள் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றான்.

மறுநாள் காலையில் நேராக முதலாளி வீட்டுக்கே போனேன். மனிதர் முகம் கோணவில்லை. உட்காரச் சொல்லி டீ கொடுக்கச் சொன்னார். நாங்கள் அனுப்பிய சட்டம் கூடத்துச் சுவரில் தொங்கியது. அதைக் காட்டி, எங்கள் வளர்ச்சிதான் தன் வளர்ச்சி என்றார். இரண்டு வாரக் கூட்டம் அது, இப்போது ஈ ஓட்டுகிறோம் என்று நாத்தனார் நிலைமையையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, எல்லா இடத்திலும் வாடகை ஏறிவிட்டது, என் கையில் என்ன இருக்கிறது என்றார். உள்ளே எழுந்து போய், மடிப்புக் கலையாத சட்டைத் துணியோடு வந்தார்.

"எனக்கும் அந்த ஊக்கத்தொகை வந்துச்சும்மா. எனக்கு எதுக்கு அது? உன்னை மாதிரி உழைக்கிறவங்களுக்குப் போகட்டும்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன். இதை நீயே தெச்சுக் குடு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் எல்லோர் பணத்தையும் வழித்து எடுத்துக்கொண்டு, ஒரு சட்டைக்கூலியைத் தர்மம் மாதிரி நீட்டுகிறார். அதைவிட மோசம், அவர் அதை மனசார நல்ல காரியம் என்று நினைத்துச் செய்கிறார். துணியை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, வழக்கமான கூலியைப் போல ஒன்றரை மடங்கு சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "போன தடவை இவ்வளவு இல்லையேம்மா?"

"கூட்டிட்டேன் சார்."

"ஏன்? அதே சட்டை, அதே அளவு, தெக்கிறதும் அதே கைதானே. புதுசா என்ன செய்யப்போற?"

"கடையும் அதே கடைதான் சார்."

அவர் துணியை என் மடியிலிருந்து எடுத்து, மடிப்புப் பிசகாமல் மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இது நியாயமே இல்லை என்றார். நியாயம் என்ற சொல் அந்த வீட்டிலும் புழங்குகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

கடைக்குத் திரும்பியபோது தரையில் சுண்ணாம்புக்கட்டியால் நீளமாக ஒரு கோடு போட்டிருந்தது. நான் இல்லாத நேரத்தில் அந்த ஆள் தச்சனைக் கூட்டி வந்து, பலகைக்கு அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கோடு நாத்தனாருடைய மெஷினின் கால்களுக்கு நடுவே போனது.

என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். சட்டைக்குக் கூலி கூடக் கேட்டது அநியாயமாம் என்றேன். நான் எதிர்பார்த்த மாதிரி அவள் சிரிக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, மெஷினின் தலையைத் துணியால் மூடி முடிச்சுப் போட்டாள்.

"அண்ணி, இதை வெளியே எடுத்துடலாம், ஒரு பக்கம் புடிங்க," என்றாள்.