தளர்ந்த கயிறு

அமரர் ஊர்தியின் ஓட்டுநர் இன்னொரு தடவை ஹாரனை அழுத்தியிருந்தால், அந்தப் பெண்குதிரை முன்கண்ணாடியை உதைத்தே நொறுக்கியிருக்கும். லாயத்துத் தாழ்ப்பாளைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வாசல் கேட்டை மறித்து முற்றத்தில் நின்றது.

“ஹாரன் அடிக்காதீங்க!” என்று கத்தினார் தையல்காரர்.

உள்ளே கூடத்தில் அவர் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். யார் இளங்குதிரை வாங்கினாலும், அதன் முதுகில் ஆள் ஏறுவதற்கு முன் அவளிடம்தான் கொண்டுவந்து விடுவார்கள். கூடவே நடப்பது, நின்றால் நிற்பது, மார்பில் விரல் வைத்தால் பின்னால் நகர்வது எல்லாவற்றையும் தரையில் நின்றே பழக்குவாள். “முதல்ல பக்கத்துல நடக்கத் தெரியணும். ஏறிக்கிறதெல்லாம் அப்புறம்” என்பாள்.

கல்யாணமான புதிதில் கடைவீதிக்குப் போனால் அவர் பாட்டுக்கு விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். எங்கோ பின்னால், ஒரு செருப்புக் கடை வாசலில் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன் அங்கயே நின்னுட்ட?”

“எப்ப திரும்பிப் பாக்குறீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்.”

அன்றிலிருந்து அவர் பக்கத்தில்தான் நடந்தார். “குதிரைங்களவிட இவர் சீக்கிரம் பழகிட்டார்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சிரிப்பார். ஆனால் குதிரை என்றாலே அவருக்கு உதறல். தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு, அவள் பழக்குவதைப் பார்ப்பதோடு சரி.

இந்தக் கோவக்காரக் குதிரை வந்தபோது மனைவிக்கு நோய் முற்றியிருந்தது. நிற்க முடியாமல், கயிற்றைப் பிடித்தபடி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். “இதுக்கு ஒண்ணுமே சொல்லித்தர முடியலைங்க” என்று போன வாரம்கூடக் கண்கலங்கினாள்.

மகள் வெளியே வந்தாள். அழுதழுது குரல் கம்மிப்போயிருந்தது. “அப்பா, கிட்டப் போகாதீங்க. மாமா யாரையாவது கூட்டிட்டு வரட்டும்.”

“புதுசா யாரு வந்தாலும் மிரளும்மா. என்னையாவது தினம் பாத்திருக்கு.”

நேராகப் போகாமல், மனைவி போவதுபோல ஒதுங்கிப் போய்த் தோளருகே நின்றார். குதிரை மூச்சை உஸ்ஸென்று விட்டது. அதன் முகத்தில் பூட்டியிருந்த தலைவாரில் கயிற்றை மாட்டினார். இழுக்கவில்லை, ஓர் அடி எடுத்து வைத்தார்.

பக்கத்திலேயே குளம்பு ஓசை கேட்டது.

அவர் நின்றார். அதுவும் நின்றது. நம்ப முடியாமல் அதன் மார்பை நோக்கி விரலை நீட்டினார். விரல் படுவதற்குள்ளேயே அது பின்னால் நகர்ந்தது.

“அப்பா, இதுக்கு எல்லாமே தெரியுதே!” என்றாள் மகள்.

அவர் குதிரையோடு லாயத்தை நோக்கி நடந்தார்.

கேட் பக்கம் வழி கிடைத்துவிட்டது. ஓட்டுநர் தலையை நீட்டி, “உள்ள எடுத்துரட்டுமா ஐயா?” என்றார். லாயத்து வாசலும் வந்துவிட்டது. உள்ளே விட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான். அவர் திரும்பினார். குதிரையும் கூடவே திரும்பியது. நடுவில் கயிறு தொய்ந்து தொங்க, முற்றத்தை இன்னொரு சுற்று நடக்கத் தொடங்கினார்.

ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.