சரி என்று சொன்ன கார்ட்

அன்று லுணுகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், மடிக்கணினியைக் கோபத்தோடு தட்டிக்கொண்டிருந்தேன்.

மலை உச்சியில் மழை அளக்கும் கருவி. கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், இராக்கம்மாக்காவின் வீட்டில் சைரன் பெட்டி. இரண்டுக்கும் நடுவே வயர்லெஸ்; இரு பக்கமும் ஒவ்வொரு கார்ட். மண் சரியுமளவுக்கு மழை கொட்டினால் சைரன் ஊதும். உச்சியிலிருந்து தகவல் நின்றாலும் ஊதும். எதற்கும் சனம் எழுந்து ஓடட்டும் என்று அப்படி வைத்தோம். அதுவே வினையாகிவிட்டது. பனி இறங்கினாலே இணைப்பு அறுந்து சைரன் அலறியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி ஓடி அலுத்த சனம், கடைசியில் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. மலை மட்டும் அவர்கள் தலைக்கு மேலே அப்படியே இருக்கிறது.

என் மேலதிகாரி வாஹித் பதுளை அலுவலகத்தில் நாற்காலி தேய்ப்பவர். "லயத்து ஆட்கள் நோண்டுகிறார்கள்" என்று எழுதி அனுப்பினார். ஒருநாள் வந்து பார்த்திருப்பாரா? நோண்டியது கார்ட்.

இந்த வயர்லெஸ் கார்ட் தானாகவே வேகத்தைக் கூட்டும். வேகம் கூடினால் பனியில் பாதித் தகவல் தொலையும். ஆகக் குறைந்த வேகத்தில் கட்டிவைத்தால் மெதுவாக, ஆனால் முழுதாக வந்து சேரும். போன தடவை இரண்டு பக்கமும் அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். சரி என்றது. வேகம் எத்தனை என்று கேட்டேன், ஆகக் குறைந்ததான ஒன்று என்றது. நம்பி பஸ் ஏறினேன். அடுத்த மழையிலேயே சைரன் அலறியது.

இம்முறை கார்டின் பேச்சைக் கேட்காமல், காற்றில் போவதையே இன்னொரு கணினியால் பிடித்துப் பார்த்தேன். கீழ்க் கார்ட் சொன்ன சொல்லில் நின்றது. உச்சிக் கார்ட், இணைப்பு அறுந்து திரும்பியதும் என் கட்டளையை மறந்து ஆகக் கூடிய வேகமான ஐம்பத்துநாலுக்குத் தாவியது. கேட்டால் மட்டும் இன்னமும் ஒன்று என்றது. ஒரே கடையில் ஒரே பெயரில் வாங்கிய இரண்டு. உள்ளே சிப்பும் வேறு, அதை ஓட்டும் டிரைவர் மென்பொருளும் வேறு. பொய் சொல்கிற சனியன் என்று இராக்கம்மாக்காவிடம் விளக்கினேன்.

"காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் குடுத்துட்டு, மலைக்குப் போகாம லயத்துக்கே திரும்புற ஆளு மாதிரியா மிஸ்?" என்றார் இராக்கம்மாக்கா.

"அதேதான் அக்கா."

இணைப்புத் திரும்பும்போதெல்லாம் கட்டளையும் மறுபடி போகும்படி எழுதினேன். வேண்டுமென்றே பல தடவை அறுத்துப் பார்த்தேன். தாவவில்லை.

"இப்ப சரி. பிளக்கக் குத்துங்க."

அவர் அசையவில்லை.

"போன தடவையும் சரின்னுதான் சொன்னீங்க. நீங்களும் பேர் குடுத்துட்டு பஸ் ஏறிட்டீங்க. நனைஞ்சுக்கிட்டுப் புள்ளைங்களத் தூக்கிட்டு ஓடுனது நாங்க."

சுள்ளென்று வந்தது. அவர் மேல் வந்த கோபம் போக இடமில்லாமல் என்னிடமே திரும்பியது.

போன் அடித்தது. வாஹித்.

"என்ன ஷிஹானா, முடிஞ்சதுதானே? முடிஞ்சதுன்னு மேல அனுப்பிடவா?"

கீழே ரோட்டில் கடைசி பஸ் ஹோன் அடித்தது. உச்சியை மேகம் மூடிக்கொண்டிருந்தது.

"இல்ல சேர், முடியல்ல. மழ வந்து போகட்டும். இங்க இருந்து பாத்துட்டுத்தான் சொல்லுவன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். இராக்கம்மாக்கா பிளக்கைக் குத்தினார்.