சட்டைப்பை இருக்கும் பக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு சட்டைப்பையிலிருந்து வந்தது. சிற்றூர்க் கட்டடங்களின் பழைய புகைப்படங்களையும் படம் அச்சிட்ட தபால் அட்டைகளையும் ஒரு கண்காட்சியில் வைத்திருந்தார்கள். நான் போனது மழைக்கு ஒதுங்கத்தான். நகராட்சி அலுவலகம், ரயில் நிலையம், தானியக் கிடங்கு என்று எல்லாம் பெண் பார்க்க வந்தவர்கள்போல விறைப்பாக இருந்தன. ஒரு தபால் நிலையத்தின் முன்னால் மட்டும் ஓர் இளைஞர் நின்றார். அவருடைய சட்டைப்பை வலது மார்பில் இருந்தது. வீட்டுக்கு வந்தும் அந்தப் பை என்னை விடவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் அவள்…"

(வேண்டாம். மழைக்கு ஒதுங்கியது நான். அவளை எதற்கு நனைக்க வேண்டும்?)

தொடக்கம் இரண்டு: அவள் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். பழைய படங்களைத் தூசி தட்டி, ஸ்கேன் செய்து, அடியில் குறிப்பு எழுத வேண்டும். நான் பார்த்த தபால் அட்டையில் நிற்கும் இளைஞர் அவளுடைய அப்பா. அந்தத் தபால் நிலையத்தில்தான் கடைசிவரை வேலை பார்த்தார். இப்போது அந்தக் கட்டடமும் இல்லை, அம்மாவும் இல்லை. அப்பா தனியாக இருக்கிறார்.

இதுவே இருக்கட்டும்.

3

"தெருவுல நின்னு பாத்தா போஸ்டாபீஸ் படி இடது பக்கம். ஆயுசெல்லாம் ஏறி எறங்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்பார் அப்பா.

அட்டையில் படி வலது பக்கம் இருந்தது.

"பாத்தியா?" என்றான் அவளுடைய அண்ணன். "தெனம் ஏறின படியே மறந்துபோச்சு. நாளைக்கு நம்மளையும் யாருன்னு கேப்பாரு."

(அண்ணனை வில்லனாக்கிவிட்டால் என் வேலை சுலபம். முயன்று பார்த்தேன், மனம் வரவில்லை. போன மாதம் அடுப்பை எரியவிட்டு அப்பா தூங்கிப்போனார். புகையைப் பார்த்துக் கதவை உடைத்தவன் இவன்தான். தோள் இன்னும் வலிக்கிறது.)

பயந்தவன் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வான். அண்ணன் இந்த அட்டையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவின் காதுபடவே சொன்னான்: "ஞாயித்துக்கிழமை வர்றேன். அப்பவும் இடதுன்னு சொன்னாருன்னா, வீட்டப் பூட்டிட்டு என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அந்த வீட்டை விட்டுப் போவதென்றால் அப்பாவுக்கு உயிர் போகிற மாதிரி.

4

கண்காட்சிக்காக அட்டையைத் திரையில் பெரிதாக்கியபோது அவள் அதைப் பார்த்தாள். அப்பா பேனா செருகியிருந்த சட்டைப்பை வலது மார்பில் இருந்தது. எழுந்து போய் மேலதிகாரியின் சட்டையைப் பார்த்தாள். காவலாளியின் சட்டையைப் பார்த்தாள். காவலாளி வெட்கப்பட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எல்லாருக்கும் பை இடப்பக்கம்தான்.*

அச்சகத்தில் யாரோ பிலிமைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள்; கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகிவிட்டது. ஊர்ப் பெயரைப் பிறகு கீழே அச்சிட்டதால் அது நேராக இருந்தது. பெயர்ப்பலகை நிழலுக்குள் போய்விட்டது. யாருக்கும் உறைக்கவில்லை.

படத்தைத் திருப்பினாள். படி இடது பக்கம் வந்து நின்றது. அதை அச்செடுத்து வைத்து, ஞாயிறு விடிந்ததும் அழுகையும் சிரிப்புமாக அப்பாவிடம் ஓடினாள்.

* ஒரு தையல்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். "வலது பக்கம் வச்சுத் தச்சா என் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சுட்டுப் போவாங்க சார்" என்றார்.

5

முடிவு ஒன்று: படத்தைப் பார்த்த அப்பா கண் கலங்கி, "நான் அப்பவே சொன்னேன்ல—"

(அடித்துவிட்டேன். எழுதும்போதே தித்தித்தது. எனக்குத் தித்திப்பதை நான் நம்புவதில்லை.)

நடந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை காலை, படத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, விளையாட்டாகத்தான் கேட்டாள். "அப்பா, படி எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்மா." பாடம் ஒப்பிப்பதுபோல வந்தது பதில்.

"இடதுன்னுதானே சொல்லுவீங்க?"

"அது அப்போ. இப்ப சரி பண்ணிக்கிட்டேன். தெனம் கண்ண மூடிக்கிட்டு வலது பக்கமா ஏறிப் பழகுறேன். மொதல்ல கால் போகவே இல்ல. இப்பப் போகுது." குரலைத் தாழ்த்தினார். "உங்கண்ணன் கேட்டா தப்பில்லாம சொல்லிடுவேன், பாரேன்."

"நெஜமா எந்தப் பக்கம்ப்பா?"

அப்பா கண்ணை மூடி ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். "இப்ப எனக்கே தெரியலம்மா."

படம் பிடித்த அவள் கை முதுகுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. எழுதுகிற என் கையும்தான்.

6

வாசலில் அண்ணன் செருப்பைக் கழற்றுகிறான்.

படத்தைக் காட்டினால், அப்பா இத்தனை காலம் சொன்னது மெய்யாகும். ஆனால் பாடுபட்டுப் பழகிய இன்றைய பதில் தப்பாகிவிடும். மறைத்தால் வீடு மிஞ்சும். படி என்றைக்கும் வலது பக்கமே இருந்துவிடும். (அடுப்பு? அதுவும் அங்கேயேதான் இருக்கும். அதை மறந்துவிடாதீர்கள்.)

என்ன செய்யப்போகிறாய் என்று அவளிடமே கேட்டேன். "கதையை எழுதுறது நீங்க. என்னை ஏன் கேக்குறீங்க?" என்று படத்தை என்னிடம் நீட்டிவிட்டாள். எனக்கும் தைரியம் இல்லை. இந்தாருங்கள், படத்தை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் உள்ளே வந்துவிட்டான். "அப்பா, படி எந்தப் பக்கம்?"

அப்பா பதில் சொல்வதற்கு முன் உங்கள் கையைப் பார்க்கிறார்.