கர்னலின் நான்காவது இரட்சிப்பு

கர்னல் பார்னபாஸ் டல்லி மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு ஜூலையிலும் இரட்சிக்கப்பட்டு வந்தார். சோளம் உரிக்கும் பருவத்துக்குள் அது தீர்ந்துவிடும். பழையபடி விஸ்கி, குதிரைப் பந்தயம். எங்கள் கென்டக்கியில் பாதிப் பேருக்கு இரட்சிப்பு வேர்க்குரு மாதிரிதான், கோடையோடு வந்து கோடையோடு போகும்.

ஆனால் கர்னல் ஜூலையில் நடக்கும் எழுப்புதல் ஜெபக் கூட்டத்தில் பாவங்களுக்காக அழும்போதெல்லாம் ஒரு வாக்கும் கொடுப்பார்: தன் அடிமையான சமையல்காரி பிலிஸை விடுவித்துவிடுவதாக. கூடியிருப்பவர்கள் அல்லேலூயா என்பார்கள். மறுநாள் காலை பிலிஸ் அதே அடுப்பை மூட்டுவாள்.

நான்காம் ஆண்டு, கூட்டத்துக்கு முந்தின வாரம், அவள் என் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொன்னாள். கர்னலின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் நீதிமன்றத்தில் பதிவாகும் என்று அவளே எனக்குப் பாடம் எடுத்தாள். விருந்துக்கு வரும் வக்கீல்கள் பேசுவதைத் தட்டு எடுத்தபடி கேட்டிருக்கிறாள். எழுதிக் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது; வாங்கிக்கொண்டு நேரே கொல்லன் ஓபேத் கிரிம்ஸிடம் போய்ப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க வாத்தியாரே. போன வருசம் நீங்களுந்தான் அல்லேலூயா சொன்னீங்க."

ஞாயிறு மதியம் பிரசங்கியார் எசேக்கியா நோல்ஸ் மேடையில் நின்று குடியையும் அடிமைமுறையையும் ஒரே மூச்சில் சபித்தார். இரண்டையும் வீட்டில் வைத்திருந்தவர்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்கள். கர்னல் வழக்கமான நேரத்துக்குப் மனந்திரும்ப வருகிறவர்கள் உட்காரும் பாவிகள் பெஞ்சிலிருந்து சரிந்து, கீழே பரப்பியிருந்த வைக்கோலில் விழுந்தார்.

பரிசுத்த ஆவி இறங்கி விழுந்தவர் தானாக எழ முடியாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. யாராவது பக்கத்தில் முழந்தாளிட்டுப் பாடிப் பாடி அவரைக் கரையேற்ற வேண்டும். கர்னலுக்கு அது எப்போதும் பிலிஸின் குரல்தான். வேறு எந்தக் குரலுக்கும் அவர் அசைந்ததில்லை. அன்றும் பிலிஸ் பக்கத்தில் முழந்தாளிட்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

அரைமணி நேரம் ஓடியது. பிரசங்கியாரின் மனைவி பாடிப் பார்த்தாள். கர்னலின் முனகல்தான் கூடியது. அவர் ஆகஸ்ட் தேர்தலில் சட்டமன்றத்துக்கு நிற்கிறார். வாக்காளர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வைக்கோலைச் சுற்றி நின்றார்கள். இரட்சிப்பு கிடைக்காத வேட்பாளரை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

பிரசங்கியார் குனிந்து, ஓர் ஆத்துமா தவிக்கிறதே, பாடக் கூடாதா என்று பிலிஸிடம் கெஞ்சினார். அவள் இடுப்புத் துணியிலிருந்து பத்திரத்தை எடுத்தாள்.

"எசமான், போன வருசம் நீங்க சொன்னதத்தான் எழுதியிருக்கு. போட்டுடுங்க, பாடுறேன்."

கர்னல் ஒரு கண்ணைத் திறந்தார். அவ்வளவு அழுகைக்கு அந்தக் கண் மிகவும் காய்ந்திருந்தது.

"கடவுள் சாட்சியாச் சொன்னேனே பிலிஸ், காகிதம் எதுக்கு?"

"அவரு கோர்ட்டுக்கு வரமாட்டாரு எசமான்."

சுற்றி நின்ற முகங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிரசங்கியாரின் வேதாகமத்தின் மேல் காகிதத்தை வைத்துக் கர்னல் கையெழுத்திட்டார். கொல்லனும் நானும் சாட்சி போட்டோம். அது கர்னலின் கையெழுத்துதானா என்று கொல்லனிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகே பிலிஸ் பாடினாள். இரண்டு நிமிடத்தில் கர்னல் மறுபடி பிறந்துவிட்டார்.

மறுநாள் நீதிமன்றத்தில் எங்களுக்கு முன்பே அவர் வந்து நின்றார். அன்று தான் தன்வசத்தில் இல்லை, எதில் கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாது, ஆகவே பத்திரம் செல்லாது என்று நீதிபதியிடம் சொன்னார். பிலிஸ் வாசலோரம் அசையாமல் நின்றாள். வெள்ளையருக்கு எதிராக அடிமையின் பேச்சு அங்கே எடுபடாது.

நீதிபதி கோயில் பக்கமே போகாதவர். பேனாவை மையில் தோய்த்தார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை உங்க மேல இறங்கினது பரிசுத்த ஆவி இல்ல, வெறும் மயக்கம்னு எழுதிக்கட்டுமா கர்னல்?"

கர்னல் திரும்பிப் பார்த்தார். பின்னால் பிரசங்கியார் இருந்தார். அவருக்குப் பின்னால் வாக்காளர்கள்.

"எழுத வேணாம்," என்றார். "சுயபுத்தியோடதான் போட்டேன்."

பத்திரம் பதிவானது. படிக்கட்டில் நின்று பிரசங்கியார் கர்னலின் கருணையை ஒருமணி நேரம் புகழ்ந்தார். அதற்குள் பிலிஸ் ஆற்றங்கரைக்குப் போய்விட்டாள்.

படகுக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்: நடு ஆற்றில் பத்திரத்தை நீட்டி அவரைப் படிக்கச் சொன்னாளாம். கொல்லன் படித்த அதே வார்த்தைகள்தான் என்றாளாம். அடிமைமுறை இல்லாத ஓஹியோ கரையில் படகு முட்டி நின்ற பிறகும் இறங்காமல், இன்னொரு முறை படிக்கச் சொன்னாளாம்.